கடல் சூழ்ந்த ஊரும் நீந்தத் தெரியாத பிள்ளைகளும்

திருகோணமலை என்று சொன்னவுடன் வெளியூர் நண்பர்கள் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "அப்ப உங்களுக்கெல்லாம் நல்லா நீந்தத் தெரியுமே?" இந்தக் கேள்வி வந்த ஒருநாள் எங்களுக்குள்ளேயே கணக்கெடுத்துப் பார்த்தோம். அன்றைக்கு இருந்தது பதினொரு பேர். ஆழமான தண்ணீரில் கால் நிலத்தில் முட்டாமல் இரண்டு நிமிடம் மிதக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் பெடியன்கள். அவர்களில் ஒருவருக்கும் யாரும் முறையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. ரியூப்பைப் பிடித்துக்கொண்டு கடலில் விழுந்து, உப்புத்தண்ணி குடித்துக் குடித்துப் பழகியவர்கள்.

உலகத்திலேயே பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களுடையது என்று ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்கிறோம். ஒரு பக்கம் உட்துறைமுகம், இன்னொரு பக்கம் டச்சுக்குடா, பின்குடா. வடக்கே போனால் உப்புவெளி, நிலாவெளி. தெற்கே கொட்டியாரக்குடா, மகாவலி வந்து விழுகிற இடம். நடுவில் களப்புகள், உள்ளே போனால் குளங்கள், வாய்க்கால்கள், வளவுக்கு வளவு கிணறு. எந்தத் திசையில் போனாலும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்குள் இறங்கினால் எப்படி உயிரோடு வெளியே வருவது என்பதை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தராததற்குக் காரணங்கள் உண்டு. எங்களுடைய அம்மா அப்பா வளர்ந்த காலத்தில் கடல் விளையாடுகிற இடமாக இருக்கவில்லை. கடற்படைத்தளம், பாதுகாப்பு வலயம், மீன்பிடிக்கவே பாஸ், நேரக்கட்டுப்பாடு. பிறகு 2004 டிசம்பர் 26. அன்றைக்குப் பிறகு எங்கள் வீடுகளில் கடல் என்பது ஒரு பயம். எங்களில் சிலர் அப்போது கைக்குழந்தை, சிலர் பிறக்கவேயில்லை. ஆனால் அந்தப் பயத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் வளர்ந்தோம். "கடலுக்க இறங்காத", "கிணத்தடிக்குப் போகாத", "குளத்துப்பக்கம் தலை வைச்சும் படுக்காத". எங்களுக்குக் கிடைத்த நீர்ப்பாதுகாப்புக் கல்வி முழுக்க இந்த மூன்று வசனம்தான்.

இந்த அறிவுரையில் பிழை இல்லை. சின்னப்பிள்ளையைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைப்பதுதான் முதல் வேலை. ஆனால் அது மட்டும் போதுமா என்று கேட்டால், எங்கள் மாவட்டத்திலேயே அதற்கு ஒரு பதில் இருக்கிறது. குறிஞ்சாக்கேணி.

2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை. கொரோனாவால் மூடிக்கிடந்த பாடசாலைகள் மெல்ல மெல்லத் திறந்துகொண்டிருந்த நாட்கள். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலத்தைப் புதிதாகக் கட்டுவதற்காகப் பழைய பாதை மூடப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்துச் சனம் களப்பைக் கடக்க ஒரு இழுவைப் படகு ஓடியது. இருபதுக்கு மேற்பட்டவர்களோடு அது நடுவில் கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்துபோனார்கள். அதில் பெரும்பாலானவர்கள் பிள்ளைகள், பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

அந்தப் பிள்ளைகள் விளையாடப் போகவில்லை. சொல்லுக் கேளாமல் தண்ணீருக்குள் இறங்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, புத்தகப்பை மாட்டி, பெரியவர்கள் ஏற்றிவிட்ட படகில் நின்றார்கள். "தண்ணிக்குக் கிட்டப் போகாத" என்ற வசனம் அவர்களுக்கு எந்த விதத்திலும் உதவியிருக்காது. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆளுக்கு ஒரு உயிர்காப்பு அங்கி, எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கு, அந்தக் கணக்குக்கு மேல் ஒருவரையும் ஏற்றாத ஒரு ஆள், நேரத்துக்குக் கட்டி முடிந்த ஒரு பாலம். அன்றைக்கு ஊர் கொதித்தது, வீதிக்கு இறங்கியது. நகரசபைத் தவிசாளர் உட்படச் சிலர் கைதானார்கள். அனுமதி கொடுத்தது யார், கொடுக்காதது யார் என்று அதிகாரிகள் ஒருவரை ஒருவர் காட்டினார்கள். அதே கிண்ணியாவில்தான், அங்கிருந்து அதிக தூரமில்லாமல், 2009இல் திறந்த 396 மீற்றர் நீளப் பாலம் இருக்கிறது. இலங்கையின் மிக நீளமான பாலம் என்று பெயர் வாங்கியது. பெரிய பாலத்துக்குத் திறப்பு விழா இருக்கும். ஒரு களப்புக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற சின்னப் பாலத்துக்கு அவசரம் இருக்காது.

தண்ணீர் விபத்தை நாங்கள் "விதி" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அப்படிச் சொன்னால் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குகள் வேறு கதை சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்டக் கால்வாசி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். பத்தில் ஒன்பது மரணத்துக்கு மேல் எங்களைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். விதி என்றால் அது பணக்கார நாடுகளுக்கும் சமமாகத்தானே வர வேண்டும்? அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த மரணவீதம் 38 வீதம் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் குறைக்க முடிகிற விடயம் இது.

இப்போது நீச்சல் தடாகத்துக்கு வருவோம். எங்களில் பெரும்பாலானவர்கள் முதன்முதலில் பார்த்த நீச்சல் தடாகம் ஒரு ஹோட்டல் மதிலுக்கு உள்ளே இருந்தது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் கூடக்கூட, "கடல் பயம், தடாகம் பயமில்லை" என்ற எண்ணமும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. லீவு நாளில் வான் பிடித்து இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து போவது இப்போது சாதாரணம். அலை இல்லை, சுழி இல்லை, அடி தெரிகிறது, நீலமாக வடிவாக இருக்கிறது. பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பெரியவர்கள் கதிரையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்குவார்கள். பன்னிரண்டு பெரியவர்கள் இருக்கிற இடத்தில் என்ன நடக்கப்போகிறது என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில்தான் ஆபத்து இருக்கிறது. பன்னிரண்டு பேரும் மற்றப் பதினொரு பேர் பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். ஒருவர் போனில், ஒருவர் பார்சல் பிரிக்கிறார், ஒருவர் செல்ஃபி. எல்லோரும் இருக்கிறார்கள், ஒருவரும் பார்க்கவில்லை.

மூழ்குவது எப்படி இருக்கும் என்று சினிமா எங்களுக்குப் பிழையாகப் படிப்பித்திருக்கிறது. படத்தில் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள். உண்மையில் மூழ்குகிற பிள்ளைக்குக் கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற ஒரு கணத்தில் மூச்சை எடுக்கத்தான் நேரம் இருக்கும், சத்தம் போட நேரம் இருக்காது. கையை மேலே தூக்கி ஆட்டவும் முடியாது. இரண்டு கையும் தன்பாட்டில் பக்கவாட்டாகத் தண்ணீரை அமத்தும். உடம்பு நெட்டையாக, ஏணியில் ஏறுகிற மாதிரி நிற்கும். தலை பின்னுக்குச் சாய்ந்து வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். அமெரிக்காவில் உயிர்காப்பாளராக வேலை செய்த பிராங்க் பியா என்பவர் இதைக் கவனித்து விளக்கினார். அவர் கணக்கில், இப்படித் தத்தளிக்கிற ஒருவர் முழுதாகத் தண்ணீருக்குள் போக 20 முதல் 60 செக்கன்தான். ஒரு வாட்ஸ்அப் வொய்ஸ் கேட்டு முடிக்கிற நேரம். தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளை விளையாடுகிற மாதிரியே இருக்கும். சத்தம் போட்டு விளையாடிய பிள்ளை திடீரென்று அமைதியானால், அதுதான் ஓட வேண்டிய நேரம்.

பயிற்றுநர் இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2012 ஓகஸ்ட் மாதம், சென்னை கே.கே. நகர். பெயர்பெற்ற ஒரு பாடசாலையின் சொந்த நீச்சல் தடாகத்தில், நீச்சல் வகுப்பு நடந்த நேரத்திலேயே, நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் மூழ்கி இறந்தான். தடாகம் இருந்தது, பாடம் இருந்தது, பொறுப்பான ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பிள்ளை மேலே இல்லை என்பதை யாரும் நேரத்துக்குக் காணவில்லை. பணம் கட்டிப் படிக்கிற பாடசாலையிலேயே இது நடக்குமென்றால், உயிர்காப்பாளர் இல்லாத ஒரு சின்ன விடுதித் தடாகத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே அடுத்தமுறை வான் பிடிக்கும்போது சில விடயங்களைச் செய்வோம் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். நீங்களும் செய்யலாம். இதில் ஒன்றுக்கும் காசு தேவையில்லை.

முதலாவது, காவல் முறை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், பெயர் சொல்லிப் பொறுப்பு எடுக்க வேண்டும். "இப்ப பதினைஞ்சு நிமிசம் நான். அடுத்தது மாமி." அந்தப் பதினைந்து நிமிடம் போன் இல்லை, கதை இல்லை, சாப்பாடு இல்லை. கழுத்தில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, மாறும்போது அந்தத் துவாயைக் கையில் கொடுத்து மாறினால் குழப்பம் வராது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், கையை நீட்டினால் பிடிக்கிற தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பத்து வயது அக்காவிடம் மூன்று வயதுத் தம்பியை ஒப்படைத்துவிட்டு வருவது காவல் இல்லை. அது இரண்டு பிள்ளைகளைத் தனியே விடுவது.

இரண்டாவது, இறங்க முன்னம் தடாகத்தைப் பார்க்க வேண்டும். அடி தெளிவாகத் தெரிகிறதா? கலங்கிய தண்ணீர் என்றால் இறங்கவே வேண்டாம். கீழே ஒரு பிள்ளை கிடந்தாலும் தெரியாது. ஆழம் எங்கே எழுதியிருக்கிறது, எந்த இடத்தில் திடீரென்று இறங்குகிறது? அடியில் இருக்கிற வடிகால் துவாரத்துக்கு மூடி இருக்கிறதா? மூடி உடைந்த துவாரம் தலைமுடியையும் உடுப்பையும் இழுத்துப் பிடிக்கும். நீளமுடிப் பிள்ளைகள் முடியைக் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். உடுப்பின் நிறமும் முக்கியம். நீலத் தடாகத்தில் நீல உடுப்பு கரைந்துவிடும். செம்மஞ்சள், ரோஸ் மாதிரிப் பளிச்சென்ற நிறம் தண்ணீருக்கு அடியிலும் கண்ணில் படும்.

மூன்றாவது, காற்று ஊதிக் கையில் மாட்டுகிற வளையம், வாத்து, ரியூப் எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். உயிர்காப்புச் சாமான்கள் என்று நம்பக் கூடாது. கழன்று போகும், காற்று இறங்கும், பிரண்டால் பிள்ளையின் தலை கீழே போகும்.

நான்காவது, தண்ணீரை விட்டு எல்லோரும் ஏறிய பிறகும் ஆபத்து முடிவதில்லை. சாப்பாட்டு நேரத்தில், அறைக்குள் படுத்திருக்கிற நேரத்தில், சின்னப்பிள்ளை தனியே திரும்பிப் போகும். அதனால்தான் அவுஸ்திரேலியாவில் வீட்டுத் தடாகத்துக்கே நாலு பக்கமும் குறைந்தது 1.2 மீற்றர் உயர வேலியும், தானாகப் பூட்டுகிற படலையும் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் தடாகம் கட்டுகிறவர்கள் சுற்றிவரப் பூக்கன்று வைக்கிறார்கள். வேலி வையுங்கள் என்று கேட்பதற்கு வாடிக்கையாளரான எங்களுக்கு உரிமை இருக்கிறது. இதே கதைதான் வளவுக் கிணற்றுக்கும். கட்டு இல்லாத கிணறு, மூடாத தொட்டி, தண்ணீர் நிறைத்து வைத்த பரல் எல்லாமே தவழுகிற பிள்ளைக்குத் தடாகம்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எங்கள் பதினொரு பேர் கணக்கில் நீந்தத் தெரிந்த பெண் ஒருவர்கூட இல்லை என்றதும் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு வயதுக்குப் பிறகு "நனைஞ்ச உடுப்போட நாலு பேருக்கு முன்னால நிக்கிறதா" என்று அம்மாவும் சொல்வார், உம்மாவும் சொல்வார். அதில் மட்டும் எங்கள் வீடுகளுக்குள் சமய வேறுபாடு இல்லை. இதன் விலை என்ன என்று சுனாமி காட்டியது. 2005இல் ஒக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை, சுனாமி அடித்த பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகமாக இறந்ததைச் சொன்னது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, வீட்டில் இருந்தது என்று பல காரணங்கள். நீந்தவும் மரம் ஏறவும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கினார்கள் என்பதும் அந்தக் காரணங்களில் ஒன்று.

இதை மாற்ற முடியும் என்று தெற்கே ஒரு உதாரணம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு வெலிகமவில் கிறிஸ்டினா ஃபொன்ஃபே என்ற பிரித்தானியப் பெண், பெண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இலவசமாக நீச்சல் பழக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பெண்கள் பழக்க, பெண்கள் பழகினார்கள். வெட்கம், உடுப்பு, வீட்டுக்காரரின் தயக்கம் எல்லாவற்றுக்கும் பெண் பயிற்றுநர் என்பதுதான் விடை. அது திருகோணமலைக்கும் பொருந்தாதா என்ன? முழங்கால் மூடிய உடுப்போடு, தலையை மூடிய உடுப்போடு, அறிந்த ஒரு அக்காவோடு என்றால் எங்கள் வீடுகளிலும் அனுப்புவார்கள்.

தடாகம் இல்லாமல் எப்படிப் பழக்குவது என்பவர்களுக்கு பங்களாதேஷ் பதில் வைத்திருக்கிறது. எங்களைவிட மோசமாகத் தண்ணீரில் பிள்ளைகளை இழந்த நாடு. அங்கே ஊர்க்குளத்துக்குள் மூங்கிலால் ஒரு மேடையும் அடைப்பும் கட்டி, அதற்குள் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்கள். இன்னும் சின்னப்பிள்ளைகளுக்கு, காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிவரை ஊருக்குள்ளேயே ஒரு பராமரிப்பு இடம். ஏன் அந்த நேரம்? அம்மா சமைக்கிற, கழுவுகிற, வேலை செய்கிற நேரம் அதுதான். பிள்ளை தவறி விழுகிற நேரமும் அதுதான். அம்மாவைக் "கவனமில்லாதவள்" என்று திட்டாமல், அந்த நாலு மணித்தியாலத்துக்குப் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆளை ஏற்பாடு செய்தார்கள். எங்கள் முன்பள்ளிகள் அந்த வேலையைத்தான் பேசாமல் செய்துகொண்டிருக்கின்றன என்று இதைப் படித்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

நீந்தத் தெரிந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டோம். தடாகத்தில் இருபத்தைந்து மீற்றர் நீந்துகிற பிள்ளை கடலில் அப்படி நீந்தாது. எங்கள் பக்கத்துக் கடலுக்கு இரண்டு முகம். மேயிலிருந்து செப்டெம்பர் வரை குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கிய பிறகு, நவம்பரிலிருந்து, அதே இடம் ஆளை இழுக்கும். கொட்டியாரக்குடாவுக்குள்ளேயே தொடங்கி ஆழ்கடலுக்குப் போகிற பெரிய பள்ளத்தாக்கு ஒன்று கடலடியில் இருக்கிறது. துறைமுகப் பக்கம் கரைக்குக் கிட்டவே ஆழம். இழுவையில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்கக் கூடாது. மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையை விட்டு விலக வேண்டும். எந்த இடத்தில் இழுக்கும் என்று அந்த வாடியில் இருக்கிற மீன்பிடிகாரர் ஐயாவிடம் கேட்டால் சொல்வார். கேட்காமல் இறங்குவது எங்களைப் போன்ற வயதுக்காரர்தான், அதிலும் கூட்டமாகப் போகும்போது, அதிலும் குடித்திருக்கும்போது.

ஒருவர் மூழ்கினால் பின்னால் பாய்வது வீரம் மாதிரித் தெரியும். ஒரு வீட்டில் இரண்டு சாவு விழுவது அப்படித்தான். முதலில் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். கம்பு, கயிறு, சாரம், சேலை எதையாவது படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும். மூடிய வெறும் கான், பெரிய பிளாஸ்ரிக் போத்தல், ரியூப் என்று மிதக்கிற எதையாவது எறிய வேண்டும்.

வெளியே எடுத்த பிறகு எங்கள் ஊரில் செய்கிற முதல் வேலை தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுப்பது. அது வேண்டாம். நேரம் போகும், வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகவும் கூடும். மூச்சு இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்குத் தேவை காற்று. ஒருவர் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு எடுக்க, மற்றவர் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அமத்தத் தொடங்க வேண்டும். முப்பது அமத்தலுக்கு இரண்டு மூச்சு. இதை வாசித்துப் பழக முடியாது. முதலுதவி வகுப்பு நடக்கிற இடத்தில் அரைநாள் இருந்து கையால் செய்து பழக வேண்டும். கண் விழித்துவிட்ட பிள்ளையையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். உள்ளே போன தண்ணீர் சில மணித்தியாலம் கழித்தும் வேலை காட்டும்.

எங்களால் பாலம் கட்ட முடியாது. படகுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கவும் முடியாது. ஆனால் படகில் ஏறும்போது "அங்கி எங்க அண்ணன்?" என்று கேட்கலாம். முதல்நாள் சிரிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் பத்தாம் நாள் வாங்கி வைப்பார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கட்டடத்துக்கும் மைக்குக்கும் நடுவில் நீச்சல் வகுப்பு என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லலாம். ஹோட்டல்காரரிடம் ஆளில்லாத நாட்களில், கிழமைக்கு ஒரு காலை, ஊர்ப்பிள்ளைகளுக்குத் தடாகத்தைத் தர முடியுமா என்று கேட்கலாம்.

ஜூலை 25ஐ ஐ.நா. 2021இல் உலக நீரில்மூழ்கல் தடுப்பு நாளாக அறிவித்தது. அந்த மாதம் எங்கள் பக்கம் கடல் அமைதியாக இருக்கிற மாதம். பழகத் தொடங்க அதைவிட நல்ல நேரம் இல்லை. எங்கள் குழுவில் நீந்தத் தெரியாத எட்டுப் பேரும் பெயர் கொடுத்திருக்கிறோம். சொல்லித்தர நீந்தத் தெரிந்த, பொறுமையுள்ள ஒரு அக்கா வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.